தம்பி வான் ஓட்டிய பதினொரு மைல்

எனக்கு மலை பார்க்கும் பைத்தியம் எல்லாம் கிடையாது. போன மே மாதம் கனடாவில் ஸ்காபரோவிலிருந்து ஸ்கொட்லாந்துக்குப் போனது தம்பி சேகருக்காக. இன்வர்னஸுக்கு வடக்கே ஒரு சின்னக் கிராமத்து வீதியில் ஒன்பது வருடம் பலசரக்கு டெலிவரி வான் ஓட்டியவன், தை மாதம் மாரடைப்பில் போய்விட்டான். கலியாணம் கட்டாதவன். செத்தவீட்டை லண்டனில் உறவினர்கள் நடத்தினார்கள். அவன் வாழ்ந்த இடத்தை எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை. தனிய இருந்து வாடினானோ என்ற கேள்விதான் என்னைக் குடைந்தது. போனில் கேட்டால் எப்போதும் ஒரே பதில்.

“நான் தனிய இல்லையக்கா. இந்த றோட்டில வாற போற எல்லாரும் என்னைக் கண்டாக் கை காட்டுவினம்.”

சரி, அங்கே எல்லாருக்கும் வேண்டியவனாக இருக்கிறான் என்று நம்பினேன்.

நானும் கணவரும் இன்வர்னஸில் வாடகைக்குக் கார் எடுத்தோம். ஒன்றரை மணி நேரத்தில் பெரிய வீதி முடிந்து இந்த வீதி தொடங்குகிறது. பதினொரு மைல், கடற்கரையில் முடிகிறது. முதலில் இது மாடு சாய்த்துக்கொண்டு சந்தைக்குப் போன தடம். பிறகு நிலச் சொந்தக்காரர்கள் செம்மறி வளர்க்கவென்று குடிகளைக் கிளப்பிவிட்டார்கள். கூரையில்லாத கல்வீடுகள் இன்னும் நிற்கின்றன. பலர் கப்பலேறியது கனடாவுக்காம். வீதியோரத் தகவல் பலகையில் இதை வாசித்த என் கணவர், எங்களைப் போலத்தான் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். தார் போட்டது வெகு பின்னால். இப்போதும் ஒரு கார் போகத்தான் இடம். ஒதுங்குவதற்கு இடைக்கிடை வீதியை விரித்து வைத்திருக்கிறார்கள்.

முதல் கார் எங்களுக்காக ஒதுங்கியது. ஓட்டியவர் ஸ்டியரிங்கிலிருந்து விரலைத் தூக்கிக் கை காட்டினார். அடுத்த காரிலும் கை. ட்ராக்டர்காரரும் கை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. இது அந்த வீதியின் வழக்கம். யார் எவரென்று பார்ப்பதில்லை, எல்லாருக்கும்தான். இதை நம்பியா ஒன்பது வருடம் இருந்தாய் என்ர ராசா என்று அழத் தொடங்கிவிட்டேன்.

அந்த நேரம் எதிரே தபால் வான் வந்தது. என் கணவர் ரொறன்ரோப் பழக்கத்தில் வலது பக்க விரிவுக்குள் காரை விட்டுவிட்டார். அங்கே ஓட்டுவது இடப்பக்கம். விரிவு வலப்பக்கம் இருந்தால் நாங்கள் எங்கள் பக்கத்திலேயே நிற்க வேண்டும், எதிரே வருபவர்தான் அதற்குள் ஒதுங்குவார். தபால்காரப் பெண் இறங்கி வந்து கோபிக்காமல் விளக்கினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். போனில் தம்பியின் படத்தைக் காட்டினேன்.

நீல வான்காரர் என்றார். பேர் தெரியாதாம். ஒரு நாளும் நின்று பேசியதில்லையாம். இப்போது வேறு ஆள் வருகிறார், இவர் சுகமாக இருக்கிறாரா என்று கேட்டார். சொன்னேன். பிறகு, இங்கே எல்லோரும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத்தான் தூக்குவோம், அவர் மட்டும் கண்ணாடியை இறக்கி, பனியிலும் முழுக் கையையும் வெளியே விட்டு ஆட்டுவார் என்றார். அவரைக் கண்டால் தாங்களும் அப்படியே ஆட்டுவார்களாம். அவருக்கு மட்டும். போகுமுன் பேரைக் கேட்டு, சரியாக வரும்வரை சொல்லிப் பார்த்தார்.

போகிறவர்களுக்கு: பெற்றோலை இன்வர்னஸிலேயே அடியுங்கள், வழியில் கடை கிடையாது. விரிவுகளில் நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். யாராவது வழி விட்டால் ஒரு விரல் தூக்கினால் போதும். ஆனால் நீங்கள் தமிழர் என்றால், தயவுசெய்து கண்ணாடியை இறக்கி முழுக் கையையும் காட்டுங்கள். அவர்களுக்கு விளங்கும்.