முள்ளில் சிக்கிய கம்பளி

சலவைக்கூடத்தில் தீப்பிடித்ததற்குப் பராக்குதான் காரணம் என்று மேலிடத்தில் பேசிக்கொண்டார்களாம். துணி மடிப்பவள் யாரிடமோ கேட்டுவந்து பராக்கின் காதிலேயே போட்டாள்.

"நின்னுக்கிட்டே கனவு கண்டியாம். உன்னை என்னமோ 'உல்கேதரிங்'னு சொன்னாங்களாம். நாளைக்கு விசாரணையாம்."

பராக்கு என்பது புகுந்த வீட்டில் அவளுக்கு விழுந்த பெயர். பால் பொங்கினால் பராக்கு, குடையை மறந்தால் பராக்கு. மாமியார் போய், கணவரும் போய், பெயர் மட்டும் போகவில்லை. ஓட்டல் சலவைக்கூடத்தில் மேற்பார்வை பார்க்கும் கொழுந்தன் அவளை அங்கே வேலைக்குச் சேர்த்தபோது, அந்தப் பெயரையும் கூடவே சேர்த்துவிட்டான்.

ஆனால் துணி உலர்த்தும் இயந்திரங்களிடம் அவள் பராக்குப் பார்த்ததில்லை. ஒவ்வொரு முறையும் வடிகட்டியை உருவி, துண்டுகள் உதிர்த்த பஞ்சைச் சுரண்டி எடுப்பாள். தேங்கினால் சூட்டில் பற்றிக்கொள்ளும். கடைசி இயந்திரத்தின் வடிகட்டி கிழிந்ததைக் கண்டதும் கொழுந்தனிடம்தான் ஓடினாள். கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "சரிங்க அண்ணி, பாத்துக்கலாம்" என்றான். மறுவாரம் அந்த இயந்திரம்தான் எரிந்தது.

வீட்டில் மகள் அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்தாள்.

"கவனமில்லாம கனவு காணுறதாம்மா. இங்கிலீஷ்ல 'உல்'னா கம்பளி, 'கேதரிங்'னா பொறுக்குறது. முன்னெல்லாம் ஏழைங்க வேலி வேலியாப் போயி, ஆடு உரசிட்டுப் போன கம்பளிய முள்ளுலேர்ந்து பொறுக்குவாங்களாம். நாளெல்லாம் அலைஞ்சாலும் ஒரு கைப்பிடி தேறாதாம். அதான் மனசு அலையறதுக்கும் அந்தப் பேரு."

"முள்ளுலேர்ந்தா?"

"ஆமா."

"பராக்கு பாத்துக்கிட்டு முள்ளுல கை விட முடியுமாடி? பேரு வச்சவன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்திருப்பான்."

மகள் சிரித்தாள். அம்மா சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டாள்.

"சித்தப்பாகிட்ட பேசும்மா. நீ முன்னாடியே சொல்லிட்டேன்னு அவர் ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"சொன்னா அவரு வேலை போயிடுமே."

"உன் வேலை போகலாமா?"

அவள் அடுப்பில் பாலை வைத்தாள். கொழுந்தனின் எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியில் போட்டு, கைபேசியை மேடைமேல் சாய்த்து வைத்தாள். சாப்பிடும்போதுகூடக் கைபேசியைக் கீழே வைக்காதவன். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அழுத்தினாள்.

பால் பொங்கி எழுந்தது. வழியும் முன் அடுப்பை அணைத்தாள். மணி அடித்துக்கொண்டிருந்தது.