டீபொட்டுக்குச் சிங்களப் பெயர்

எங்கள் வீட்டில் அதை டீபொட் என்றுதான் சொல்வோம். வெள்ளைப் பீங்கான், மூடியில் நீலப்பூ. அம்மாவின் கலியாணத்துக்கு வந்த பரிசு. சிங்களத்தில் அது ‘தே போச்சிய’ என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லித் தந்தபோது, தேத்தண்ணி எங்கே போச்சு என்று கேட்டுச் சிரித்தேன். எனக்கு அப்போது ஆறு வயது. கொழும்பு வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில் இருந்தோம்.

அந்த வருடம் அம்மாவின் ஒரே தம்பி, என் மாமா, வெளிநாடு போவதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களுடன் தங்கினார். யுத்தம் நடந்த, தமிழர்கள் தம் வீட்டில் இருப்பவர்களின் பெயர்களைப் பொலிசில் பதியவேண்டிய காலம். யாழ்ப்பாணத்து இளைஞர் என்றாலே பிடித்துப் போவார்கள் என்று மாமாவின் பெயரைப் பதிய அப்பா பயந்தார்.

ஒரு பின்னேரம், அப்பா கந்தோரில் வேலையாய் இருந்த நேரம், அம்மா மூன்று கோப்பைகளில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். வாசலில் ஜீப் வந்து நின்றது. மாமா பின்பக்கம் ஓடித் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் குந்திக்கொண்டார். “வீட்டிலை நானும் பிள்ளையும் மட்டும்தான்” என்றார் அம்மா. பொலிஸ்காரர்கள் இரண்டு அறைகளையும் பார்த்துவிட்டு வெளியேறத் திரும்பினார்கள். அவர்களில் இளையவர் என்னைப் பார்த்துச் சிரித்து, டீபொட்டைக் காட்டி, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார்.

“தே போச்சிய!” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் என் கன்னத்தைத் தட்டிவிட்டு மூன்றாவது கோப்பையைக் காட்டினார். இது யாருக்கு?

“மாமாட்ட” என்றேன், மாமாவுக்கு என்பதைச் சிங்களத்தில் சொல்வதுபோலவே.

மாமாவைச் சட்டையில் பிடித்து இழுத்து வந்தார்கள். “சேர், அவன் ஒண்டும் செய்யேல்லை சேர்” என்று அம்மா அவர்களின் காலில் விழுந்தார். மாமா என்னைப் பார்த்து, “பயப்பிடாதை, வாறன்” என்றார். அவர் வரவில்லை. அப்பா ஏறி இறங்கிய எந்தப் பொலிஸ் நிலையத்திலும் அப்படியொரு பெயர் இருக்கவில்லை.

அன்று அப்பா வந்ததும், “எப்பிடிக் கண்டுபிடிச்சவங்கள்?” என்று கேட்டார்.

“அவங்களாத் தேடிப் பிடிச்சவங்கள்” என்றார் அம்மா.

“இல்லையப்பா, நான்தான் சொன்னனான். சிங்களத்திலை!”

அம்மா என் கன்னத்தில் அறைந்தார். “சும்மா அலட்டுது” என்று அப்பாவிடம் சொன்னார். அவர்களாகத் தேடிப் பிடித்தார்கள் என்றே சாகும்வரை எல்லோரிடமும் சொன்னார்.

பொய் சொன்னது அம்மா, அடி எனக்கா என்று அன்று விக்கி விக்கி அழுதேன். மாமாவுக்காக அழவில்லை.