அவகாசம் உண்டு என்றார்

கேரளத்து மலையில் இந்தச் சாந்தன்பாறைக்கு வந்து இத்தனை வருடமாகியும் இந்த மூடுபனி எனக்குப் பழகவில்லை. நடுப்பகலில் கதவு வழியாக உள்ளே வந்து அடுப்படியில் நிற்கும். துவைத்துப் போட்ட சேலை காயவே காயாது. கோவில்பட்டிக் கரிசல் வெயிலில் இருக்கும் உங்களுக்குச் சொன்னால் சிரிப்பீர்கள். ஆனாலும் இங்கேயே வேர்விட வேண்டும் என்றுதான் என் வீட்டுக்காரர் செல்லையா நினைத்தார். ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலியாக வந்தவருக்கு ஒரு துண்டு ஏலக்காடாவது சொந்தமாக வேண்டும் என்று ஆசை. எழுபத்தேழு கார்த்திகையில் ஊரிலிருந்த எங்கள் ஒரே வீட்டைப் பஞ்சு வியாபாரி ஒருவருக்கு விற்றார்.

வியாபாரி கொடுத்தவை நான்கே தாள்கள். ஒவ்வொன்றும் ஆயிரம் ரூபாய். நூறு ரூபாய்க்கு மேல் நாங்கள் கண்டதில்லை. அகலமான அந்தத் தாளில் தஞ்சாவூர்க் கோபுரம் இருந்தது. மார்கழியில் நிலம் பதிய வேண்டாம், தை பிறக்கட்டும் என்று அவற்றை டிரங்குப் பெட்டியில் வைத்தோம். தை பிறந்த கையோடு ரேடியோவில் சொன்னார்கள்: ஆயிரமும் அதற்கு மேற்பட்ட நோட்டுகளும் இனிச் செல்லாது, ஓரிரு நாளில் வங்கியில் கொடுத்துவிட வேண்டும். தோட்டத்துக்குள் இருந்த எங்களுக்கு அரைகுறையாகத்தான் செய்தி வந்தது. கெடு எப்போது என்று சொல்ல யாருமில்லை.

கீழே டவுன் வங்கிக்கு இருவரும் ஓடினோம். மேனேஜர் மலையாளி, நல்ல மனிதர்.

"வீடு வித்த காசு சார், கள்ளப் பணமில்ல" என்றார் இவர்.

"பேடிக்கண்டா. நிங்ஙள்க்கு அவகாசம் உண்டு. வீடு விற்ற ஆதாரம் கொண்டுவரணம்."

வெளியே வந்ததும் இவர் முகம் தெளிந்திருந்தது. "பயப்படாத. அவகாசம் இருக்குங்காரு. ஊருக்குப் போயி பத்திர நகல் வாங்கிட்டு வந்துருவோம்."

ஊரில் வியாபாரி இல்லை, மதுரைக்குப் போயிருந்தார். அவர் வரும்வரை காத்திருந்து, நகலோடு திரும்பினோம். மேனேஜர் காகிதத்தைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"சமயம் கழிஞ்ஞு போயல்லோ."

"நீங்கதான சார் அவகாசம் இருக்குன்னு சொன்னீக?"

அவர் விழித்தார். அங்கே வேலை பார்த்த நம் பக்கத்து ஆள் ஒருவர்தான் மெதுவாகச் சொன்னார்: "அண்ணாச்சி, மலையாளத்துல அவகாசம்னா உரிமை. மாத்திக்கிட ஒங்களுக்கு உரிமை இருக்குன்னு சொல்லியிருக்காரு."

மேனேஜர் எங்களுக்காகத் தேநீர் வரவழைத்தார். இவர் குடிக்கவில்லை. மலை ஏறி வந்ததும் நோட்டுகளைப் பழையபடி டிரங்குப் பெட்டியில் வைத்தார். நாங்கள் விலை பேசியிருந்த காட்டைப் பாலா என்ற ஊரிலிருந்து வந்த மலையாளி ஒருவர் வாங்கினார். அதிலேயே நான் ஏலக்காய் எடுக்கக் கூலிக்குப் போகிறேன். அவர் மனைவி அன்பானவள், "சேச்சி, நாட்டில் எப்போழா போகுன்னது?" என்று கேட்பாள். நாடு என்றால் அவர்களுக்குச் சொந்த ஊர்.

சித்திரையில் கோயில் கொடைக்கு ஊருக்குப் போனோம். எங்கள் வீட்டு வாசலில் வியாபாரியின் மனைவி செம்பில் தண்ணீர் தந்தாள். நான் படிக்கு வெளியே நின்றபடியே குடித்தேன்.

"உள்ள வாங்க மதினி" என்றவள், செம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு கேட்டாள்: "ஊருக்கு எப்ப கெளம்புதீக?"