உச்சிவெயிலில் நோன்பு திறந்தவர்

வடையைக் கண்டால் என் மூளை லீவு போட்டுவிடும். காரைக்குடி பஸ் நிலையத்தில், "நோன்பாளி முன்னால திங்கிறீகளே!" என்று பக்கத்துப் பெரியவர் அதட்டியதும், ரம்ஜான் வந்ததுகூடத் தெரியவில்லையே என்று பதறி, வடையைச் சட்டைப்பையில் திணித்தேன். சட்டையெல்லாம் எண்ணெய்.

"நோன்பு முடிஞ்சு மாசக்கணக்காச்சு. அத்தாவுக்குத்தான் ஞாபகம் தப்பிப்போச்சு," என்றார் அவருடைய மகன், மெதுவாக. அவருக்கே தாடி நரைத்திருந்தது. வெறும் வயிற்றில் மாத்திரை கொடுத்தால் பெரியவர் தலைசுற்றி விழுந்துவிடுவாராம்.

பிறகு அந்த மத்தியான வெயிலில், "பாங்கு சொல்லியாச்சு அத்தா, நோன்பு திறக்கலாம்," என்று பேரீச்சம்பழத்தை நீட்டினார். தானும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். பெரியவர் கண்மூடி துஆ ஓதிவிட்டுத் தின்றார். அப்புறம் இட்லி, மாத்திரை.

"தினமும் நோன்பா? உங்க அத்தாவுக்குச் சொர்க்கம் நிச்சயம்," என்றேன், மகனைச் சிரிக்கவைக்கலாமென்று.

"அவுகளுக்கு நிச்சயம். பொய் சொல்றது நான்தானே."