எடுக்காத மூன்று றிங்

அன்று பின்னேரம் வீட்டில் இருந்தவர்கள் அம்மா, அக்கா, நான் மூவரும்தான். அப்பா இல்லை. அக்காவைப் பெண் பார்க்க முருங்கனிலிருந்து வந்தவர்களை பஸ் ஏற்றிவிட்ட கையோடு வேட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு, சாரத்தோடு கடற்கரைக்குப் போயிருந்தார். போன் என் கையில் இருந்தது. அதைத்தான் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

போன் எங்கள் வீட்டுக்கு வந்து அப்போது ஒரு வருஷம் இருக்கும். றிங் என்ற சொல்லும் அதோடுதான் வந்தது. எனக்கு ஆங்கிலம் படிப்பித்த ரீச்சர், மணி அடித்தாலும் அந்தச் சொல்தான், தொலைபேசி ஒலித்தாலும் அந்தச் சொல்தான் என்று சொல்லித் தந்திருந்தார். வீட்டில் முதன்முதலாக உயர்தரம் வரை படித்தவன் என்ற முறையில் அதை அம்மாவுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது உங்கட பள்ளிக்கூடத்து றிங்" என்றார்.

எங்கள் வீட்டில் றிங் அடிக்கிற சாமான் இல்லை, விடுகிற சாமான். வலை விடுவதுபோல விட வேண்டும், உடனே இழுத்துவிட வேண்டும். கோல் எடுத்துப் பேசுவது வேறு. அது கந்தோரில் உத்தியோகம் பார்ப்பவர்கள் செய்வது. றிங் விட்டால் மற்றப் பக்கத்தார் எடுக்கக் கூடாது. எடுத்தால் விட்டவருடைய காசு போய்விடும். ஒருவர் கடையில் பிளேன்ரீ குடிக்கும்போது, அவர் கணக்கில் நாமும் ஒரு பணிஸ் எடுத்துத் தின்பது போன்ற காரியம் அது.

அப்பா கரைக்குக் கிட்ட வந்து, கூடத் தொழிலுக்குப் போனவரின் போனில் ஒரு றிங் விட்டால், கூடையோடு வா என்று அர்த்தம். இரண்டு என்றால் மீன் கனக்க, ஐஸுக்கும் சொல்லு. ஒன்றும் வராவிட்டால் வீட்டில் நல்ல கறியாக வைக்க வேண்டும். மனுசன் வரும்போது முகம் சரியாக இராது. மடுவுக்குப் போன பெரியம்மா கோயிலடியில் இறங்கியதும் ஒன்று விடுவார். மன்னார் ஆஸ்பத்திரியில் பக்கத்து வீட்டு அக்கா பிள்ளை பெற்றதும் ஒன்று வந்தது. ஆணோ பெண்ணோ என்பதை நேரில் வந்துதான் சொன்னார்கள். யார், எந்த நேரத்தில் விடுகிறார் என்பதிலேயே சேதி இருந்தது.

அன்று பின்னேரம் போன் ஒலித்தது. மாப்பிள்ளையின் தாயார் போகும்போது தந்த நம்பர். நான் அதை 'மாப்பிள்ளை வீடு' என்றே பதிந்து வைத்திருந்தேன். வாசித்துச் சொன்னதும் அக்கா குசினிக்குள் ஓடிவிட்டார்.

"எடுக்கட்டோ அம்மா?"

"விசரோ உனக்கு? அவை போய்ச் சேர்ந்திட்டினம் எண்டு றிங் விடுகினம். மரியாதையான சனம். அந்த மனுசியின்ர காசை ஏன் தின்னுவான்?"

அடித்து ஓய்ந்தது. சற்று நேரத்தில் மறுபடியும் அதே நம்பர்.

"இது தேப்பன்காரன் சேர்ந்திட்டாராக்கும்" என்றார் அம்மா.

மூன்றாவது முறை அடித்தபோது அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "பாத்தியே, பெடியனும் தன்ர பங்குக்கு விடுறான்."

"கன நேரமா அடிக்குது, அம்மா" என்று அக்கா உள்ளேயிருந்து சொன்னார். பெண் பார்த்துப் போன வீட்டாரின் போனைப் பெண் எடுப்பது எங்கள் ஊரில் வழக்கமில்லை. எடுத்திருக்க வேண்டியவன் நான். எடுக்கவில்லை.

அக்காவுக்கு அப்போது முப்பது நடந்துகொண்டிருந்தது. சண்டையிலும் இடம்பெயர்விலும் நல்ல வயது போய்விட்டது. அதன் பிறகு வந்த இரண்டு சம்பந்தங்களும் பேச்சோடு நின்றன. இந்த மனிதர் தேத்தண்ணி வாங்கும்போது, "நீங்கள் குடிச்சிட்டியளோ?" என்று அக்காவைக் கேட்டிருந்தார். அதைச் சொல்லிச் சொல்லி அக்கா கிணற்றடியில் தனக்குள் சிரித்ததை நான் கண்டேன்.

நாலு நாள் ஒரு சத்தமும் இல்லை. ஐந்தாம் நாள், சம்பந்தத்தைப் பேசிக் கொண்டுவந்த பெரியம்மா படலையைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"விருப்பமில்லை எண்டால் வாயால சொல்லுறதுதானே! அந்த மனுசி வீட்டை போன உடனே, பெடியனுக்குப் பிடிச்சுப்போச்சு எண்டு சொல்ல மூண்டு தரம் கோல் எடுத்ததாம். ஒரு நாயும் தூக்கேல்லையாம். இப்ப வேற இடம் பாக்கப் போகினம்."

அம்மா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். அக்கா அழவில்லை. காய்ந்த உடுப்பை எடுத்து மடித்தார். மடித்ததையே திரும்பவும் மடித்தார்.

"காசு போனாப் போகட்டும். கோல் எடு" என்றார் அம்மா. அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். எடுத்தேன். மணி போனது, போனது. ஒருவரும் தூக்கவில்லை.

"நேர போறதுதான்" என்றார் அப்பா. மறுநாள் விடிய, முதல் நாள் பட்ட அறக்குளா மீனை விற்காமல் றெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு, ஒரு வாழைக்குலையும் வைத்துக்கொண்டு, ஓட்டோ பிடித்து அப்பா, அம்மா, நான் மூவரும் புறப்பட்டோம். பெண்ணைக் கூட்டிப் போக முடியாது. தனியே நிற்கிற பிள்ளை என்று போனை அக்காவிடம் விட்டோம்.

மாப்பிள்ளையின் தாயார் முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். கதிரை தந்தார். சிரிப்புத் தரவில்லை.

"போன் தூக்க நேரமில்லாத ஆக்கள், இவ்வளவு தூரம் வந்திருக்கிறியள்."

அம்மா கதிரையில் உட்காரவே இல்லை. "கோவிக்காதேங்கோ தங்கச்சி. உங்கட காசு போயிடும் எண்டுதான் எடுக்கேல்லை. நீங்கள் போய்ச் சேர்ந்ததுக்கு றிங் விடுறியள் எண்டு நினைச்சிட்டன்."

"மூண்டு தரமோ?"

"ஓம். ஒண்டு நீங்கள், ஒண்டு அவர், ஒண்டு தம்பி."

"நாங்கள் மூண்டு பேரும் ஒரே பஸ்ஸிலதானே அக்கா வந்தனாங்கள்!"

திண்ணைப் பக்கம் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் தகப்பனார் அதைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "பாவம், நல்ல சனமடி. எங்கட காசுக்குக் காவல் இருந்திருக்கினம்."

ஆனால் மாப்பிள்ளையின் தாயார் சிரிக்கவில்லை. "அது சரி. உங்கட பிள்ளைக்கு விருப்பமோ? அவளின்ர வாயால எனக்குக் கேக்க வேணும்" என்று போனை எடுத்தார்.

அம்மா என்னைப் பார்த்தார். "அவள் எடுக்கமாட்டாள்" என்று முணுமுணுத்தார். அப்பா தலை குனிந்து நெல்லைப் பார்த்தார்.

முதல் மணி முழுதாக முடியவில்லை. அக்காவின் குரல் எங்களுக்கும் கேட்டது: "ஹலோ, சொல்லுங்கோ மாமி."

மாமி! அதற்குப் பிறகு அந்தத் தாயார் கேட்டதெல்லாம் எனக்கு நினைவில்லை. எதற்கும் அக்கா "ஓம், ஓம்" என்றதும், "அங்கையும் வெயிலாயிருக்கும், உங்களுக்குத் தலையிடிக்கப் போகுது, உள்ளுக்குப் போங்கோ" என்று அவரையே விசாரித்ததும் நினைவிருக்கிறது. பலன்ஸ் முடிந்து போன் தானாக வெட்டும்வரை பேசினார்கள். பிறகுதான் எங்களுக்குத் தேத்தண்ணி வந்தது.

கலியாணம் அடுத்த மாசம் என்று நாள் குறித்துக்கொண்டு புறப்பட்டோம். திரும்பும் வழியில், மன்னார்ப் பாலத்தில் காற்று ஓட்டோவை ஆட்டியது. அப்பா விரல் மடித்து வாய்விட்டே கூட்டிக்கொண்டு வந்தார்: ஓட்டோ ஹயர், ஐஸ், வாழைக்குலை, விற்காத அறக்குளா, தொழிலுக்குப் போகாத நாள். அந்த மனுசியின் இரண்டு மூன்று ரூபாவைக் காப்பாற்றப் போய், எல்லாமாகச் சேர்த்து ஆறாயிரத்து இருநூற்றைம்பது ரூபா.