சின்னக்கான்ர மெயில்பெட்டி

சின்னக்கா!

இப்பிடிக் கூப்பிட்டா, தலையைத் திருப்பாமலே "என்னடா, திரும்பவும் சேர்வர் படுத்திட்டுதோ?" எண்டு கேப்பா. என்ர அக்கா கொழும்பில, கொட்டாஞ்சேனையில ஒரு கார்கோ ஒபிசில மெயில் சேர்வரைப் பாத்துக்கொண்டு இருந்தவ. கஸ்டமருக்குப் பேப்பர் அனுப்புறதும் அவதான். நானும் அங்கதான் வேலை. ஓ.எல். சோதினை எனக்குச் சரிவரேல்ல. கேபிள் இழுக்க, பிரிண்டருக்கு மை போட எண்டு சேர்ந்து, பக்கத்தில இருந்து பாத்துப் பாத்துச் சேர்வர் வேலையும் கொஞ்சம் பிடிபட்டுது. காலமை வெள்ளவத்தையில ரெண்டு பேரும் ஒண்டாத்தான் பஸ் ஏறுவம். அவவுக்கு சீட் கிடைச்சா என்ர பேக்கும் அவவின்ர மடியில.

டெங்கு எண்டு அக்காவை ஆஸ்பத்திரியில போட்டம். திரும்பி வரேல்ல. பொரளைச் சுடலையில எரிச்சுப்போட்டு வந்தனாங்கள். அதைப் பற்றி எழுத எனக்கு வரேல்ல. அதுக்குப் பிறகு நடந்த ஒண்டை எழுதுறன்.

மெயில் சேர்வர் எண்டா, எங்கயெங்கயோ இருக்கிற கள்ளர் எல்லாம் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பாங்கள். ஆள் தட்டுறேல்ல, புரோகிராம்தான். பாஸ்வேர்டை மாத்தி மாத்தி அடிச்சுப் பாக்கும். ஆர் ஆர் தட்டினது எண்டு சேர்வர் எழுதி வைக்கிற லொக்கைத் திறந்தா வரி வரியா ஓடும். அக்கா அதைப் பாத்துக்கொண்டு தேத்தண்ணி குடிப்பா. ரெண்டு மூண்டு தரம் பிழையா அடிச்சா அந்த இடத்தில இருந்து பிறகு தட்டவே ஏலாத மாதிரிச் செய்து வைச்சிருந்தவ. "தட்டுறவன் தட்டட்டும். நாங்களாத் திறந்து விடாட்டிச் சரி" எண்டுவா.

ஒபிசை விட்டு ஆரும் போனா, அண்டைக்கே அவையின்ர மெயில் கணக்கை மூடிப்போடுவா. ஒருக்கா கணக்குப் பாக்கிற அண்ணா ஒராள் போகேக்க, கேக் வெட்டிக்கொண்டு இருக்க இருக்கவே மூடிட்டா. அவர் ஃபோனைப் பாத்திட்டு, "தங்கச்சி, இந்தத் துண்டையாவது முழுங்க விட்டிருக்கலாமே!" எண்டு கத்தினார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சம்.

அவவின்ர கணக்கு எண்டு வரேக்க ஒருத்தருக்கும் கை ஓடேல்ல. பொஸ்ஸிட்டக் கேட்டன்.

"முப்பத்தொண்டு முடியட்டும் தம்பி. அதுக்குள்ள எப்பிடி அந்தப் பிள்ளையின்ர பேரை எடுக்கிறது?"

வீட்டிலயும் அதே கதைதான். முப்பத்தொராம் நாள் கிரியை முடியிற மட்டும் அவளின்ர ஒண்டையும் தொடக்கூடாது எண்டு அம்மா சொல்லிப்போட்டா. அலுமாரி பூட்டினபடி. வாசல்ல கிடந்த செருப்பையும் ஒருத்தரும் எடுக்கேல்ல.

ஆனா அக்கான்ர பெட்டிக்குக் கஸ்டமர் மெயில் வந்துகொண்டே இருந்துது. ஆராவது பதில் போடத்தானே வேணும். லேசா ஒரு பாஸ்வேர்ட் போட்டு எல்லாருக்கும் சொல்லு எண்டார் பொஸ். நானும் போட்டுக் குடுத்தன். ஒபிஸ் முழுக்க அவவின்ர பெட்டியைத் திறந்து பாக்கத் தொடங்கிட்டுது. அப்பதான் "உங்கட மெயில்பெட்டி நிரம்பிட்டுது, இதில பாஸ்வேர்டை அடியுங்கோ" எண்டு ஒரு கள்ள மெயில் வந்திருக்கு. ஆரோ அடிச்சும் விட்டினம். பிறகு கேட்டா எல்லாரும் "ஐயோ, நான் இல்லை." பொஸ் இன்னும் ஒரு படி மேல: "இங்கிலீஷில வாற ஒண்டையும் நான் திறக்கிறேல்ல!" கார்கோ கொம்பனி நடத்துற மனுசன்.

எங்களுக்குத் தெரிய வந்தது கனடா மாமியாலதான். காலமை கோல் எடுத்தவ.

"தம்பி, உன்ர அக்கா எனக்கு மெயில் போட்டிருக்கிறா."

"ஆர் மாமி?"

"சின்னவதான்ரா. பேர் அவளின்ரதான் கிடக்கு. இப்பதான் வந்தது. ஏதோ பில் பாக்கச் சொல்லிக் கிடக்கு. திறக்கட்டோ?"

"ஐயோ, வேண்டாம்! கையை எடுங்கோ மாமி!"

அம்மா அகப்பையோட குசினியில இருந்து ஓடி வந்தா.

"என்னவாம்? என்ன எழுதியிருக்கிறாளாம்?"

நான் லெப்டொப்பை எடுக்க ஓடினன்.

திறந்து சேர்வருக்குள்ள போய்ப் பாத்தா, வெளிய போகக் காத்திருக்கிற மெயில் மலை மாதிரி. எல்லாம் அக்கான்ர பேரில. உடன மெயில் வேலையை நிப்பாட்டினன். காத்திருந்ததை எல்லாம் அழிச்சன். எல்லாற்ற பாஸ்வேர்டையும் மாத்தினன். ஆனா போனது போனதுதான். பெரிய மெயில் கொம்பனியள் எங்கட சேர்வரைக் கறுப்புப் பட்டியல்ல போட்டிட்டாங்கள். நல்ல மெயிலும் திரும்பி வந்துது. வெளிநாட்டில இருக்கிற சொந்தக்காரருக்கு நான் ஒபிஸ் மெயிலில அனுப்பின முப்பத்தொராம் நாள் அழைப்பும் அதோட சேந்து திரும்பிட்டுது. பொஸ் வேற கோலுக்கு மேல கோல்.

கடைசியில அக்கான்ர கணக்குத்தான் மிச்சம். பாஸ்வேர்டை மாத்திட்டன், அந்தக் கள்ளனைத் தடுக்க அது காணும். ஆனா பாக்க ஆளில்லாத கணக்கு. இன்னொருத்தன் உள்ள வந்தாலும் ஒருத்தருக்கும் தெரியாது. அம்மா பக்கத்தில வந்து இருந்தா.

"மூடினா அவளின்ர பேர் அழிஞ்சு போயிடுமோ?"

"இல்லையம்மா. அந்தப் பேரில ஆரும் உள்ள வர ஏலாது, அனுப்ப ஏலாது. அவ எழுதினது எல்லாம் அப்பிடியே கிடக்கும்."

"இன்னும் முப்பத்தொண்டு வரேல்லையேடா."

"ஓம். ஆனா வேற ஆரோ அக்கா மாதிரிக் கதைக்கிறாங்கள் அம்மா."

அம்மாவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. எண்டாலும் கிட்டக் குனிஞ்சு ஸ்கிரீனைப் பாத்தா.

"மாமி திறந்திருந்தா?"

"மாமியின்ர கொம்பியூட்டரும் போயிருக்கும்."

"அப்ப மூடு. என்ர பிள்ளையின்ர பேரில கள்ளன் கதைக்கக்கூடாது."

ஒரு வரிதான் அடிக்கிறது. அடிச்சன். "முடிஞ்சுதோ?" எண்டா. "ஓம்" எண்டன். அதுக்குப் பிறகுதான் அம்மா அழுதா. நானும்தான்.

கறுப்புப் பட்டியல்ல இருந்து எங்கட சேர்வரின்ர பேரை எடுக்கச் சொல்லி ஒவ்வொரு கொம்பனிக்கும் எழுதிப் போட்டு, மெயில் ஒழுங்காப் போகக் கொஞ்ச நாள் எடுத்துது. முப்பத்தொண்டுக்கு எல்லாருக்கும் ஃபோனிலதான் சொன்னம். வந்தவை வந்தினம்.

இதை வாசிக்கிற ஆக்களிட்ட ஒண்டு கேக்கிறன். அண்டைக்குத் தப்பி வெளிய போன மெயில் இன்னும் ஆற்றயாவது பெட்டியில கிடக்கும். அக்காவைத் தெரிஞ்ச ஆக்கள் அவவின்ர பேரைக் கண்டா திறக்காதேங்கோ. அது அவ இல்லை. அழிச்சுப்போட்டு, கோயிலோ சேர்ச்சோ பள்ளிவாசலோ, நீங்கள் போற இடத்தில உங்கட ஆக்களுக்காகக் கடவுளிட்டக் கேக்கேக்க என்ர சின்னக்காவுக்காகவும் ஒருக்காக் கேளுங்கோ.