இறுக்கிக் கட்டிய நைட்ரஜன் கேன்

கல்யாண மண்டபங்களில் நைட்ரஜன் ஐஸ்கிரீம் போடும் வேலையில் ஒன்பது வருடம் இருந்துவிட்டேன். எருமப்பட்டி மண்டபத்தில் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

லிக்விட் நைட்ரஜன் கொதித்து வாயுவாகிக்கொண்டே இருக்கும். அது வெளியேற வழி வேண்டும் என்பதால் கேனின் மூடியை இறுக்க மாட்டோம், சும்மா மேலே வைப்போம். அன்று கவுண்டர் போட நான் முன்னால் போய்விட்டேன். சூரமங்கலம் குடோனிலிருந்து கேனை முதலாளியே வேனில் கொண்டுவந்தார். அவரிடம் அதைத் தனியாக விட்டது என் புத்திகெட்டதனம். கேட்டரிங்குக்கு வருமுன் அவருக்கு லாரித் தொழில்.

கேனை இறக்கி வைத்ததும் பார்த்தேன். மூடி இடுக்கில் ரப்பர் ட்யூபைத் திணித்து, லோடு கட்டுகிற மாதிரி குறுக்கும் நெடுக்கும் கயிறு போட்டு இறுக்கியிருந்தார். வாயு வெளியேறினால் வரும் வெள்ளைப் புகை துளிகூட இல்லை. முன்னால் குழந்தைகள் கப்போடு வரிசையில் நின்றன.

“எல்லாரும் வெளிய ஓடுங்க!” என்று கத்தினேன்.

“நல்ல காரியத்துல ஏனுங்க அம்மிணி இப்படிக் கத்தறீங்க?” என்றார் முதலாளி. “வழியெல்லாம் பாதி புகையாப் போயி வீணாகுது, அதான் கட்டுனேன். இருவது வருசம் லாரிக்குக் கயிறு போட்டவனுங்க நான். ஒருக்காக்கூட அவுந்ததில்ல.”

“அவுந்திருந்தாத் தேவலைங்க! உள்ள அழுத்தம் ஏறிக் கேனு வெடிக்கப் போகுது!”

குழந்தைகளை வெளியே விரட்டிவிட்டு, பக்கவாட்டில் குனிந்து, பழம் நறுக்கும் கத்தியால் கயிற்றை அறுத்தேன். அதுவும் தப்புதான், நானும் கிட்டே போயிருக்கக் கூடாது. மூடி பறந்து சீலிங்கைப் பிய்த்தது. கவுண்டர் முழுக்க வெள்ளைப் புகை. வாசலில் நின்ற கூட்டம் கைதட்டியது!

“இன்னொருக்கா பண்ணுங்க!” என்றார் ஒருவர்.

முதலாளி வாயெல்லாம் பல்லாக, “ஸ்பெஷல் ஷோதானுங்க” என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் மைக்கைப் பிடுங்கி நடந்ததை அப்படியே சொல்லிவிட்டேன். தாய்மார்கள் பிள்ளைகளை வாரி அணைத்துக்கொண்டார்கள். அன்று ஐஸ்கிரீம் போடவில்லை.

“பேசாம இருந்திருந்தா கைதட்டோட போயிருக்குமே. பொண்ணு ஊட்டுக்காரங்க முன்னாடி மானத்த வாங்கிப்புட்டீங்களே” என்றார் முதலாளி.

“அடுத்த தடவ கைதட்ட ஆளு இருக்காதுங்க” என்று சொல்லி, ஏப்ரனைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். கேன் வந்ததும் முதலில் மூடியைப் பாருங்கள். முதலாளியின் முகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.